பரசுராமன் கையில் வந்த நடுக்கம்

பரசுராமன் முட்டுக்கட்டை போட்டால் தேர்மேல் உட்கார்ந்திருக்கும் அம்மனின் மூக்குத்திகூட ஆடாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் புளுகர்கள், மீதிப்பேர் அவனுக்குச் சொந்தக்காரர்கள். ஆனாலும் விஷயம் முழுப்பொய் இல்லை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னூறு பேர் வடம் பிடிப்பார்கள்; அவர்களுக்கு இழுக்கத்தான் தெரியும். தேர் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிற்பது என்பதெல்லாம் முன்சக்கரத்தின் அடியில் சரியான நொடியில், சரியான சாய்வில் செருகப்படும் ஒரு புளியமரக் கட்டையின் பொறுப்பு. அதை நாலு விரல் தள்ளிப் போட்டால் தேர் நேராக டீக்கடைக்குள் புகுந்து பஜ்ஜி கேட்கும்.

காஞ்சிபுரத்திலிருந்து தாமல் ஏரிக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். ஊரில் அம்மனுக்குச் சித்திரையில் தேர். வலது முன்சக்கரத்துக்குக் கட்டை போடுவது பரசுராமன் குடும்பத்து உரிமை. இடது சக்கரத்துக்கு அவன் மச்சான் ஆனந்தராஜ், அதாவது மனைவி அலமுவின் தம்பி. மற்ற நாட்களில் பரசுராமன் காஞ்சிபுரத்தில் ஒரு சாயப் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவன். கொதிக்கும் தொட்டியில் கழி கழியாக முறுக்கிய நூலைத் தோய்த்துத் தோய்த்து அவனுக்கு முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். கல்யாண சீசன் என்றால் அரக்குச் சிவப்பு. அந்த மாதங்களில் அவன் சாப்பிட்ட தயிர்சோறு ரோஸ் கலரில் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு.

போன வருஷத் தேரில்தான் எல்லாம் கெட்டது. கோயிலைத் தாண்டியதும் தெரு ஏரிக்கரைப் பக்கம் சரிந்து இடதுபுறம் வளையும். அந்தச் சரிவில் தேரை யாரும் இழுக்க வேண்டியதில்லை, அதுவே வரும். தடுத்துத் தடுத்து இறக்குவதுதான் வேலை. பரசுராமன் கட்டையைத் தூக்கி நின்ற நொடியில் அவன் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. பட்டறை முதலாளி. ரிங்டோன், சேவல் கூவுகிற சத்தம். பரசுராமனின் கண் இடுப்புக்குப் போய்த் திரும்பியது, அவ்வளவுதான். ஒரு இமை மூடித் திறக்கிற நேரம். அதற்குள் தேர் இடப்பக்கம் திரும்பி, ஆனந்தராஜின் பாதத்தின்மேல் ஏறி நின்றது.

இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் மடங்காமல் போயிற்று. ஒரகடத்தில் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன் இப்போது ஊன்றுகோலோடு ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் பரசுராமனோடு பேசவில்லை. சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் யாராவது சமாதானம் செய்யலாம். அவன் சும்மா நிறுத்திவிட்டான். போன் அடித்ததைப் பரசுராமனும் யாரிடமும் சொல்லவில்லை. காலை பத்து மணிக்குச் சேவல் கூவியது கெட்ட சகுனம் என்று ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

இந்த வருஷம் கொடியேற்றி, கட்டைக்காரர்களுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துணியை மணிக்கட்டில் கட்டிவிட்டால் தேர் நிலைக்கு வரும்வரை எட்டு நாளும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வேலையை மறுக்கவும் கூடாது. காப்புக் கட்டிய கையில் கட்டையைக் கொடுத்தார்கள். அப்போதுதான் பரசுராமனுக்கு நடுக்கம் வந்தது.

முதலில் விரல். பிறகு முழங்கை. பிறகு தாடை தந்தியடித்தது. நெஞ்சுக்குள் யாரோ நூல் கழியை உதறுவதுபோல ஒரு படபடப்பு. வேர்வை கொட்டி வேட்டி தொப்பலாயிற்று. கட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. 'விட்டுவிடுங்கள், என்னால் முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தான். பல் கிட்டிப்போய் ஒரு உறுமல்தான் வந்தது.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று கத்தினாள் அவன் மாமியார் எல்லம்மாள். "என் மருமவன் மேல எறங்கிட்டா! கையப் பாருங்கடி, குங்குமத்துல முக்கி எடுத்தாப்புல செவந்துக்கினு இருக்குது!"

அது போன வாரத்து முகூர்த்தப் புடவைக்கான அரக்குச் சாயம். ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. உடுக்கைக்காரர் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். நாலு பேர் காலில் விழுந்தார்கள். தன் உயிர் நழுவுகிறது என்று அவன் பதறிய நேரத்தில், அவன் கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை விழுந்தது.

மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் ஆள் சேர்ந்தது. போர் போட்டால் தண்ணீர் வருமா, பையனுக்கு விசா கிடைக்குமா, மருமகள் எப்போது திரும்பி வருவாள். பரசுராமன் கூரையைப் பார்த்தான். அவன் கூரையைப் பார்த்ததை வைத்தே ஒருத்தர் மாடி கட்ட முடிவு செய்து செங்கல் இறக்கிவிட்டார்.

அலமு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள். தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் அவள். நாற்பத்தொரு வயதில் அரசு ஆசிரியர் தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். உளவியலில்தான் இரண்டு தடவையும் மார்க் போனது. காலையில் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் கைடு. சத்தம் போட்டுப் படித்தால்தான் அவளுக்கு ஏறும்.

"நாயைக் கண்டதும் உடல் நடுங்குகிறது. உடல் நடுங்குவதை உணர்ந்த பிறகே மனம் அஞ்சுகிறது என்பது ஒரு கோட்பாடு. சரியா, தவறா?"

"சரி" என்றான் பாயில் கிடந்த பரசுராமன்.

"உங்கள யாரு கேட்டா? நான் மனப்பாடம் பண்ணிக்கினு இருக்கேன்." பக்கத்தைத் திருப்பினாள். "பயம், கோபம், மகிழ்ச்சி எதுவானாலும் உடல் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் படபடக்கும். மனம் சுற்றுமுற்றும் பார்த்து, சூழ்நிலைக்கு ஏற்றபடி அந்தப் படபடப்புக்குப் பெயர் வைக்கிறது."

பரசுராமன் எழுந்து உட்கார்ந்தான்.

"பேரு வெக்கிறது யாரு? நடுங்கறவனா, சுத்தி நிக்கிறவங்களா?"

"ஒரு மார்க் கேள்விக்கு இவ்ளோ வெவரம் தேவையில்லீங்க" என்றவள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். குழம்பு ஒரு கொதி கூடுதலாகக் கொதித்தது. "உங்க மேல எறங்கினது ஆத்தா இல்ல, இல்லியா?"

"இல்ல அலமு."

"எனக்கு அன்னைக்கே தெரியும். சாமி வந்தவங்களுக்குக் கண்ணு மேல சொருவும். உங்க கண்ணு கழட்டி வுட்ட செருப்பத் தேடிக்கினு இருந்துது."

அவன் சிரிக்கப் பார்த்தான், அழுகைதான் வந்தது. சோறு இறங்கி மூன்று நாளாயிற்று என்றான். கண்ணை மூடினால் சக்கரம் வருகிறது என்றான். கட்டையை நினைத்தாலே கை தனியாக ஆடுகிறது, அது யாருடைய கையோபோல் இருக்கிறது என்றான். அலமு கைடை மறுபடி எடுத்துப் புரட்டினாள். அவளுக்குத் தெரிந்த முதலுதவி அதுதான்.

"தோ பாருங்க. மன அழுத்தத்துக்கு மூணு கட்டமாம். மொதல்ல ஒடம்பு அலறும். அப்புறம் தாக்குப் பிடிக்கும். மூணாவதுல ஓய்ஞ்சி போயிடும். பசி இருக்காது, தூக்கம் இருக்காது."

"நான் மூணாவதுல இருக்கேன். அதுக்கப்புறம்?"

"அதோட பாடம் முடிஞ்சிடுதுங்க."

தலைவரிடம் சொல்லிவிடுங்கள் என்று அவள்தான் அனுப்பினாள். விழாக் கமிட்டித் தலைவர் ராமராஜன் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். பரசுராமன் அவரைத் தனியாக அழைத்துப்போய், "தலைவரே, எனக்குப் பயமா இருக்குது. இந்த வருஷம் என்ன வுட்டுடுங்க" என்றான்.

ராமராஜன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அவ வந்து குந்திக்கினா ஒடம்பு தாங்குமாபா? பயமாத்தான் இருக்கும். எங்க பெரியப்பாவுக்கு ஒருவாட்டி எறங்கி, ஒரு அண்டா கூழக் குடிச்சிட்டு அண்டாவையும் கடிச்சாரு."

"ஆத்தா இல்ல தலைவரே, வெறும் பயம். கட்டை கைய வுட்டு நழுவுது. சரிவுல நழுவினா ஆளு செத்துடும்."

"அவளே கட்டை போடறப்ப, அவ தேரு எப்பிடிபா நழுவும்?" என்று கும்பிட்டுவிட்டுப் பந்தல்காரனிடம் போய்விட்டார்.

அன்று மத்தியானம் பரசுராமன் ஓடப் பார்த்தான். காப்பை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டான். டிக்கெட்டுக்குக் காசு நீட்டிய கையில் மஞ்சள் துணி எட்டிப்பார்த்தது. கண்டக்டர் விசில் ஊதினார். ஊர் எல்லைக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது. அறுபது பேரும் இறங்கிக் கும்பிட்டார்கள். டிரைவர் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்காக, திரும்ப இடமில்லாத ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தார். அவனைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுத்தான் பஸ் காஞ்சிபுரம் போயிற்று. அத்தனை மரியாதையோடு யாரும் ஒரு மனிதனைச் சிறையில் அடைத்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் எல்லம்மாள் வந்தாள். கற்பூரம் இல்லாமல், கும்பிடாமல், வெறும் மாமியாராக வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"தலைவர்கிட்ட இன்னாமோ சொன்னியாமே மாப்ள."

"உள்ளதச் சொன்னேன் அத்தே."

"உள்ளது எதுவுன்னு நீ சொல்லாத." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "போன வருஷம் அவ காவு கேட்டா. ரெண்டு வெரலோட எம்புள்ளய வுட்டா. இந்த வருஷம் உம்மேல வந்து நிக்கிறா. அப்பிடித்தான் நான் நெனச்சிக்கினு இருக்கேன். அது ஆத்தா இல்ல, உன் கை நடுக்கந்தான்னா, எம்புள்ள காலுக்கு யாரு பதில் சொல்றது? நான் யாரப் போயி கேக்கறது? எம்பொண்ணு புருசனயா?"

பரசுராமன் சட்டைக் கையை இழுத்துக் காப்பை மூடினான்.

"எனக்கு ஒரு புள்ள, ஒரு மருமவன். ரெண்டு பேரும் வேணும்" என்றாள். "அதனால அது ஆத்தாதான்." எழுந்து போய்விட்டாள்.

அவள் போன பிறகு அவன் காப்புக் கட்டிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு இருந்தான். இரண்டும் சேர்ந்து ஆடின. உண்மையைச் சொன்னால் குடும்பம் உடையும், சொல்லாவிட்டால் சரிவில் இன்னொரு காலோ தலையோ போகும். உள்ளே அலமு படித்துக்கொண்டிருந்தாள். ஆபத்து வரும்போது மனம் இரண்டு கேள்வி கேட்குமாம்: இது எனக்குக் கேடு செய்யுமா, இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது? பரசுராமன் இரண்டாவது கேள்வியை மட்டும் தேர் நாள்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

தேர் நாள் வெயில் எட்டு மணிக்கே உரித்தது. கோயிலைச் சுற்றி மூன்று தெருவும் சமதரை. அங்கே பரசுராமன் எப்படியோ ஒப்பேற்றினான். கட்டையை அவன் போட்டான் என்பதைவிட, கட்டை கையிலிருந்து விழுந்த இடத்தைச் சக்கரம் பெரிய மனசோடு ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம். இடது சக்கரத்தில் இந்த வருஷம் சரத்குமார், லைன்மேன், புது ஆள். பரசுராமன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் வேர்த்தது.

சரிவு தொடங்கும் இடத்தில் தேர் நின்றது. கீழே ஏரிக்கரை வளைவு வரை இரண்டு பக்கமும் ஜனம். குழந்தைகளைத் தோளில் வைத்திருந்தார்கள். பரசுராமன் கட்டையைத் தூக்கினான். கட்டை இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை அதைக் குனிந்து எடுக்கும்போது, தேருக்கு அடியில், எதிர்ச் சக்கரத்தின் ஓரமாக, போன வருஷம் ஆனந்தராஜ் நின்ற இடத்தில், முன்பின் தெரியாத சரத்குமாரின் வெறுங்கால் தெரிந்தது. விரல் ஐந்தும் முழுசாக இருந்தன.

கட்டையை விட்டெறிந்துவிட்டுப் பரசுராமன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

"பயமா இருக்குது! எனக்குப் பயமா இருக்குது!"

வடம் தரையில் விழுந்தது. முன்னூறு பேரும் அப்படியே மண்ணில் விழுந்தார்கள். மேளக்காரர்கூட மேளத்தோடு விழுந்தார்.

"அய்யோ, ஆத்தாவுக்கே பயமாடி!" என்று ஒரு குரல்.

ராமராஜன் தலைக்குமேல் கைகூப்பிக்கொண்டு வந்தார். "தாயே, உனக்கு யாரப் பாத்தும்மா பயம்? சொல்லு, அவன ஊர வுட்டே தள்ளி வெக்கிறோம்."

இத்தனை நாளில் பரசுராமனை யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டதும் பதில் தானாக வந்தது.

"ஆனந்தராஜப் பாத்து."

முன்னூறு தலையும் திரும்பின. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஊன்றுகோலோடு ஆனந்தராஜ் நின்றிருந்தான். எல்லம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஒரு வருஷமாகப் பேசாதவன் கோலை ஊன்றி ஊன்றி வந்து மாமன் முகத்தருகில் நின்றான்.

"நடிக்கிறியா மாமா?" குரலை அவனுக்கு மட்டும் கேட்கிற அளவில் வைத்திருந்தான்.

"இல்லடா மச்சான். ஆத்தாவும் இல்ல, ஒன்னும் இல்ல. கை என் பேச்சக் கேக்கல. அன்னைக்கு... அன்னைக்குப் போன் அடிச்சுதுடா. நான் அதப் பாத்துட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பக்கத்துச் சக்கரத்துல நான்தான நின்னேன். உன் சேவல் ரிங்டோன் எனக்குக் கேக்காதா? ஒரு வருசமா நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருக்கேன். நீ இன்னாடான்னா சாமியாடிக்கினு இருக்கே."

பரசுராமன் அவன் காலைத் தொடக் குனிந்தான். ஆனந்தராஜ் கோலால் தடுத்தான்.

"கால்ல வுழுவாத. வுழுந்தா மறுபடி இன்னாமோ கதை கட்டுவாங்க. போன கால் போனதுதான், அத நான் மன்னிக்கல. எடு கட்டைய. சக்கரத்த நான் பாக்கறேன். நீ சக்கரத்தையே பாக்காத, என் கோலப் பாரு. கோலு தரையில தட்டினா போடு. வேற எதுவும் யோசிக்காத."

"நடுங்குதுடா."

"நடுங்கட்டும். நடுங்கிக்கினே போடு."

அப்படித்தான் இறங்கினார்கள். கோல் தட்டியது, கட்டை விழுந்தது. கோல் தட்டியது, கட்டை விழுந்தது. நடுக்கம் நிற்கவே இல்லை. சரிவின் பாதியில் ஒரு கட்டை வழுக்கியது. தேர் முனகிக்கொண்டு ஒரு சாண் வலப்பக்கம் வந்தது, நேராக ஆனந்தராஜ் நின்ற பக்கம். ஜனம் அலறிக்கொண்டு ஓடியது. ஆனந்தராஜால் ஓட முடியாது. அவன் நின்ற இடத்திலேயே நின்று கோலை ஒரு தட்டுத் தட்டினான். பரசுராமனின் கை ஆடிக்கொண்டே போய், கட்டையை ஆடிக்கொண்டே வைத்தது. சக்கரம் ஏறிப் பார்த்தது, பிறகு இறங்கி நின்றது. ஊன்றுகோலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தேங்காய் வைக்கலாம். அவ்வளவு இடம் இருந்தது.

தேர் நிலைக்கு வந்ததும் ஆனந்தராஜ் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். வண்டியில் விடுகிறேன் என்று பரசுராமன் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். ராமராஜன் அன்றே கமிட்டி கூட்டி, இனி ஒவ்வொரு வருஷமும் சரிவில் இறங்குமுன் கட்டைக்காரர் மூன்று முறை "பயமா இருக்குது" என்று உரக்கச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் வடம் தொட வேண்டும் என்று தீர்மானம் போட்டார். அது ஆதிகாலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று இப்போதே இரண்டு பேர் சத்தியம் செய்கிறார்கள்.

மறுநாள் காலை காப்பை அவிழ்த்துவிட்டுப் பரசுராமன் டீக் குடிக்க உட்கார்ந்தான். கை அப்போதும் ஆடியது. டம்ளர் விளிம்பு பல்லில் இடித்து, பாதி டீ தரையில் சிந்தியது. உள்ளே அலமு படிப்பதை நிறுத்தினாள். பால் வாங்கி வந்த எல்லம்மாள் வாசற்படியில் நின்று அந்தக் கையைப் பார்த்தாள். அவள் கண் அனிச்சையாகக் கற்பூரத் தட்டு இருக்கும் மாடத்துக்குப் போயிற்று. பிறகு திரும்பியது.

பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் அவன் எதிரில் குந்தி, சிந்திய டீயைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இன்னும் நடுங்குதா மாப்ள?"

"ஆமா அத்தே."

"சரி" என்றாள். "பாதி டம்ளர் ஊத்தித் தரச் சொல்றேன்."